மூடிய கையில் மறந்த படிகம்

பணி அனுபவங்களை எழுத ஒருவர் அறுபது வயதையாவது தொட்டிருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எனக்கு முப்பத்தொன்று. ஆனால் வரும் வெள்ளிக்கிழமை இந்த மேசையை விட்டு எழுந்துவிடுகிறேன். திங்கட்கிழமை நீங்கள் இருவரும் வந்து உட்காருவீர்கள். மேசையைப் பொறுத்தவரை நான் ஓய்வு பெற்றவள்தான். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

படிகத்தை எப்படி வெட்டுவது, அமிலத்தில் எவ்வளவு நேரம் வைப்பது, காந்தத்தை எந்த வேகத்தில் சுழற்றுவது, எல்லாம் நீல அட்டைக் குறிப்பேட்டில் இருக்கின்றன. குறிப்பேட்டில் இல்லாதது ஒரே ஒரு பகல். அதைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்களில் ஒருவர் ஈரோடு, மற்றவர் தென்காசி என்று கேள்விப்பட்டேன். நான் மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரி. அப்பாவுக்கு நகராட்சியில் குழாய்ப் பிரிவில் வேலை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், களமசேரியில் இயற்பியல் படித்தபோது ஆங்கிலம். தமிழ் எழுதப் படிக்கக் கற்றது அப்பா வாங்கிப் போட்ட வாரப் பத்திரிகைகளில். எங்காவது மலையாளம் எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு மாதம் இருந்தால் உங்களுக்கும் எட்டிப் பார்க்கும்.

நம் பட்டறை யூதத் தெருவான ஜூ டவுன் பக்கம், ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் இருக்கிறது. கீழே இப்போதும் சுக்கு வியாபாரம் நடக்கிறது. மூட்டை இறக்கும்போது தூசி மேலே வரும், தும்மல் வரும். அந்த நேரத்தில் கையில் படிகம் இருந்தால் முதலில் அதை மேசையில் வையுங்கள், பிறகு தும்முங்கள். இதுவும் குறிப்பேட்டில் இல்லை.

நிக்கல், மாங்கனீசு, காலியம். நீங்கள் படித்துவிட்டு வருகிறவர்கள், உங்களுக்குத் தெரியும். தெரிந்ததையே ஒருமுறை என் வாயால் சொல்ல விடுங்கள், எனக்கு அதில் ஓர் ஆசை. இந்த மூன்றும் கலந்து ஒரே படிகமாக வளர்ந்த ஒரு துண்டு, தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமன். அதற்குப் பக்கவாட்டில் காந்தத்தைக் கொண்டுபோனால் நீள்கிறது. நூற்றில் ஆறு பங்கு. கேட்கும்போது இவ்வளவுதானா என்று இருக்கும். ஆனால் இரும்பு காந்தத்தில் நீள்வதை உங்கள் ஆயுளில் வெறுங்கண்ணால் பார்க்க முடியாது. இதைப் பார்க்கலாம். காந்தத்தை எடுத்துவிட்டாலும் நீண்டது நீண்டபடியே இருக்கும். நீளவாக்கில் காந்தத்தைக் காட்டினால் பழையபடி சுருங்கும். வட துருவமா தென் துருவமா என்று அது கேட்பதில்லை. எந்தப் பக்கம் நின்று கூப்பிடுகிறாய் என்று மட்டும் பார்க்கும்.

உள்ளே அணுக்கள் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பக்கம் குட்டை. காந்தப்புலம் வந்தால் அந்தக் குட்டைப் பக்கம் புலத்தின் திசைக்கு மாறிக்கொள்ளும். மாறிய பகுதிக்கும் மாறாத பகுதிக்கும் நடுவே ஒரு கோடு. பளபளப்பாக மெருகேற்றிய முகத்தில் அந்தக் கோடு ஓடுவது தெரியும். காந்தத்தைத் திருப்பினால் திரும்பி வரும். நான் முதன்முதலில் பார்த்தது ஒரு மதிய நேரத்தில். காயல் மேல் மேகத்தின் நிழல் போவதுபோலப் போனது, வந்தது, போனது. டப்பாவில் கொண்டுவந்த சோற்றைச் சாயங்காலம் அப்படியே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போனேன். இன்றைக்கும் அந்தக் கோட்டைப் பார்த்தால் எனக்கு எங்கோ மிதப்பதுபோல இருக்கும். உங்களுக்கும் அப்படி இருந்தால் ஜாக்கிரதை. நான் சொல்லப்போகும் தவறு அந்த மிதப்பில் செய்ததுதான்.

இதை வைத்து நாம் செய்வது ஒரு விழுங்கும் பம்ப். படிகத்துக்கு அடியில் காந்தம் உருளும். உருள உருள, படிகத்தின் மேல் முகத்தில் ஒரு சின்னக் குழிவு உண்டாகி இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடக்கும். குழிவில் அடங்கிய ஒரு துளி மருந்தும் கூடவே நடக்கும். தொண்டை விழுங்குவதுபோல. வால்வு கிடையாது, படிகத்துக்குக் கம்பியும் கிடையாது. நோயாளியின் வயிற்றில், சட்டைக்குள் ஒட்டிவைத்து, நாள் முழுக்கத் துளித் துளியாக மருந்து செலுத்த வேண்டும் என்பதுதான் எண்ணம். சட்டைக்குள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படிகத்தை மெருகேற்றுவது இந்த மேசையில் என்னோடு இருக்கும் ஒருத்தியின் வேலை. தன் பெயரை எழுதினால் கழுத்தை நெரிப்பேன் என்று சொல்லியிருக்கிறாள், அதனால் பெயர் இல்லை. என்னைவிட இரண்டு மாதம் இளையவள். அவள் வீட்டுக்காரர்களும் தமிழ்க்காரர்கள்தான், பாட்டன் காலத்தில் வந்தவர்கள். துணி வெளுத்துத் தேய்க்கிற வீடு. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, ஜூ டவுனில் பழம்பொருள் கடையில் பித்தளையும் கண்ணாடியும் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பழைய தொலைநோக்கியின் கண்ணாடியை அவள் கீறல் தெரியாமல் தேய்த்திருந்ததைப் பார்த்து, நம் நிறுவனத்தை நடத்தும் சேட்டன் மேலே கூட்டிவந்தார். எனக்குப் பாடப்புத்தகத்தில் புரியாத ஒன்றை அவள்தான் புரியவைத்தாள். கோடு நகர்வதை முதல் தடவை பார்த்துவிட்டு, "இதுக்கா வாயப் பிளந்துட்டு நிக்கிற? சாரி தேய்க்கும்போது மடிப்பு இப்படித்தானே டீ ஓடும். மடிப்பு எங்கயும் போகல, இடம்தான் மாறுது" என்றாள். நான்கு வருடம் படித்தவள் நான். வாயை மூடிக்கொண்டேன்.

இனி அந்தப் பகல்.

மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு குழுவிலிருந்து இரண்டு பேர் நம் பம்ப்பைப் பார்க்க வருவதாக இருந்தது. ஒருவர் பொறியாளர், ஒருவர் டாக்டர், பெண்மணி. அவர்கள் சரி என்றால் இந்த மேசை தொடரும். வேண்டாம் என்றால் மூடிவிடுவோம் என்று சேட்டன் முன்கூட்டியே சொல்லிவிட்டார். மூடினால் எனக்கு ஒன்றும் ஆகாது, களமசேரிக்குத் திரும்பிப்போய் ஏதாவது ஆய்வில் ஒட்டிக்கொள்வேன். அவளுக்குத்தான் போக்கிடமில்லை. பட்டம் இல்லாத ஒருத்தியை எந்த ஆய்வகமும் வாசலில்கூட நிற்க விடாது. திரும்பவும் பித்தளை துடைக்கப் போக வேண்டும். இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். 

இருந்தது ஒரே படிகம். வெளியூர் ஆய்வகம் ஒன்றில் வளர்த்த கம்பியிலிருந்து வெட்டியது. கம்பியோடு ஒரு தாளும் வந்தது. எந்தச் சூடு வரை இந்தப் படிகம் காந்தத்தின் பேச்சைக் கேட்கும் என்று அந்தத் தாளில் போட்டிருந்தது. அந்தச் சூட்டைத் தாண்டினால் உள்ளே இருக்கும் பெட்டிகள் எல்லாம் நாலாபக்கமும் சமமாகிவிடும். குட்டைப் பக்கமே இல்லாவிட்டால் எதைத் திருப்புவது? காந்தம் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், படிகம் வெறும் உலோகமாகக் கிடக்கும். தாளில் இருந்த சூடு மனித உடம்பைவிட நன்றாகவே மேலே. எனக்கு நிம்மதி.

வெட்டிய அன்று அவள் கேட்டாள்: "இந்தத் துண்டு கம்பியோட எந்த முனைன்னு கவனிச்சியா? தலையா வாலா?"

"எந்த முனையா இருந்தா என்ன? ஒரே கம்பிதானே."

"சும்மா கேட்டேன். இது வால் பக்கம். அடியில மூணு புள்ளி வெச்சிருக்கேன், பின்னால குழம்பக் கூடாதுன்னு."

வளரும்போது கம்பியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கலவை மெல்ல மெல்ல மாறும். கலவை மாறினால் சூடும் மாறும். இது நான் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய பதில். துண்டிலிருந்து ஒரு சீவலை எடுத்துக் களமசேரியில் கருவியில் வைத்தால் உண்மையான சூடு தெரிந்துவிடும். ஆனால் கருவிக்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். அவர்கள் வரும் நாளோ குறித்தாயிற்று. தாள் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். முந்தின நாள் இதே மாடியில், இதே வெக்கையில், பம்ப் அழகாக விழுங்கிக் காட்டியது. அதைப் பார்த்தபின் இன்னும் நிம்மதி.

காலையில் படிகத்தை எடுத்துக்கொண்டு களமசேரிக்குப் போனேன். அங்கே நுண்ணோக்கியில் அதன் முகத்தைப் படம் எடுத்து, வரப்போகிறவர்களுக்குக் காட்டலாம் என்று எனக்கு ஓர் உற்சாகம். படம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. படம் எடுத்து முடித்துவிட்டு எறணாகுளம் வந்து படகு ஏறினேன். பதினொரு மணி வெயில். படிகம் பஞ்சு வைத்த சின்னப் பெட்டியில், பெட்டி பையில். சும்மா இருந்திருக்கலாம். வெயிலில் அந்தக் கோடுகள் எப்படித் தெரியும் என்று பார்க்க ஆசை வந்துவிட்டது. எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். கோடுகள் நெல் உமிபோல மின்னின. அப்போது எதிரே வந்த பெரிய படகின் அலையில் எங்கள் படகு ஆடியது. சட்டென்று கையை மூடிவிட்டேன்.

பிறகு திறக்கப் பயம். திறந்தால் விழும், விழுந்தால் பலகை இடுக்கு, இடுக்குக்குக் கீழே காயல். மூடிய கையை மடியில் வைத்துக்கொண்டு, மறுகையால் அதைப் பொத்திக்கொண்டு, வெயிலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். எஞ்சின் சத்தம் ஒரே சீராக இருந்தது. கண் செருகியது. தூக்கமா விழிப்பா என்று சொல்லத் தெரியவில்லை. என் கைக்குள் படிகம் நீள்கிறது, விரல் இடுக்கு வழியாக வெளியே வருகிறது, படகு முனையைத் தாண்டித் தண்ணீர் மேல் போகிறது, அதன் முகத்தில் அந்தக் கோடு மட்டும் நிதானமாக நடந்து மட்டாஞ்சேரி படகுத்துறையைத் தொடுகிறது. அப்படி ஒரு சுகம். படகுத்துறையில் கயிறு போடும் சத்தத்தில்தான் கண் திறந்தேன்.

படியேறி மேசைக்கு வந்த பிறகு கையைத் திறந்தேன். வேர்வையில் நனைந்து படிகம் கிடந்தது. முகத்தில் ஒரு கோடுகூட இல்லை. கண்ணாடிபோல வழவழவென்று இருந்தது.

எனக்கு ஒரே சந்தோஷம். பெட்டிகள் எல்லாம் ஒரே திசைக்குத் திரும்பி நின்றால் கோடு இருக்காது. அப்படி நிற்பதுதான் தொடங்குவதற்கு நல்ல நிலை. "பாரேன், தானாவே எல்லாம் ஒரு பக்கமா நிக்குது. இன்னைக்கு நமக்கு நல்ல நாள்" என்று அவளிடம் சொன்னேன். அவள் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கீழே கார் வந்து நின்றது. மூங்கில் இடுக்கியால் படிகத்தை எடுத்துப் பம்ப்பில் வைத்து மூடினோம்.

சேட்டன் முன்னுரை சொன்னார். நான் படங்களைக் காட்டினேன். குழாயில் சிவப்பு மை கலந்த தண்ணீர் தயாராக இருந்தது. காந்தத்தை உருட்டினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

கொஞ்சம் வேகமாக உருட்டினேன். சிவப்புத் தண்ணீர் குழாயில் அதே இடத்தில் நின்றது. பொறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றது எனக்குத் தெரிந்தது. "காந்தம் கொஞ்சம் தள்ளியிருக்கிறது போல" என்று சொல்லிவிட்டுத் திருகாணியைப் பிடித்தேன். காந்தத்தை நெருக்கினேன். இல்லை. இன்னும் நெருக்கினேன். இன்னும் ஒரு சுற்று நெருக்கினால் அடித்தகடு படிகத்தை அழுத்தும், அதாவது முறியும். அந்த நேரத்தில் அது எனக்கு நினைவில் வரவே இல்லை. என் விரல்கள் தானாகத் திருகிக்கொண்டிருந்தன.

"மதி டீ, மதி." போதும் என்று அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரல். "விடு. அது மேல கோபத்தைக் காட்டாதே."

"காந்தம்தான்..."

"காந்தம் நேத்தைக்கு உள்ளதுதான். நேத்தைக்கு இல்லாதது எந்தா? அதைச் சொல்லு."

என் கை, என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வேர்வைக் கை, அதற்குமேல் இன்னொரு கை, அதற்குமேல் பதினொரு மணி வெயில்.

அவள் மூடியைத் திறந்து, இடுக்கியால் படிகத்தை எடுத்துத் தன் கீழுதட்டில் ஒரு நொடி வைத்துப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டி வீட்டில் வளர்ந்தவளுக்குச் சூடு பார்ப்பது பழக்கம். "சூடு போயிடுச்சு. அறைச் சூடுதான் இருக்கு. ஆனா அசையல."

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அறைச் சூட்டில் நேற்று வேலை செய்தது, அதே அறைச் சூட்டில் இன்று வேலை செய்யவில்லை. ஏனென்றால் இந்தப் படிகம் மறக்கும் சூடு வேறு, திரும்ப நினைவு வரும் சூடு வேறு. கைக்குள் அது மேலே ஏறி மறந்துவிட்டது. நினைவு வர அறைச் சூடு போதாது, இன்னும் நன்றாகக் கீழே இறங்க வேண்டும். நான் படியேறி வந்தபோது பார்த்த அந்த வழவழப்பு எல்லோரும் ஒரு பக்கம் நின்ற வழவழப்பில்லை. அங்கே பக்கமே இல்லை.

நான் அவளைப் பார்த்தேன். "ஐஸ்" என்றேன்.

"நான் போறேன். நீ இவங்கள்ட்ட பேசிட்டிரு. எதையும் திருகாதே."

கீழே குலுக்கி சர்பத் விற்கும் இக்காவின் குரல் ஜன்னல் வழியாகக் கேட்டது: "மோளே, ஐஸ் மட்டும் மதியா? நாரங்கா வேண்டே?" எலுமிச்சைக்கு அவள் என்ன பதில் சொன்னாளோ, ஒரு ஸ்டீல் டம்ளர் நிறைய ஐஸோடு இரண்டு இரண்டு படியாக ஏறி வந்தாள். சேட்டன் முகம் வெளுத்துவிட்டது. டாக்டர் மட்டும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

படிகத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஐஸில் புதைத்தாள். மெருகேற்றும்போது துண்டைப் பிடிக்கும் சின்ன மரக் கவ்வியையும் அதோடு வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே விட்டாள். பிறகு எடுத்தபோது முகம் முழுக்கக் கோடுகள், குறுக்கும் நெடுக்குமாக, மழை விழுந்த மணல்போல. நினைவு வந்துவிட்டது, ஆனால் ஆளுக்கொரு திசையில். அவள் குளிர்ந்த கவ்வியில் அதை வைத்து நீளவாக்கில் அழுத்தினாள். பக்கவாட்டில் அழுத்தினாள். மறுபடி நீளவாக்கில். விரல் நுனியால்கூடத் தொடவில்லை. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்தன, குறைந்தன. சுருக்கம் விழுந்த துணியை ஓரத்திலிருந்து நீவி நீவி எடுப்பதுபோலவே இருந்தது. கடைசியில் ஒரே ஒரு கோடு மிஞ்சியது. கவ்வியை லேசாக அழுத்தினாள். அந்தக் கோடு எங்கள் எல்லோர் கண் முன்னாலும் நடந்து போய் முனையில் மறைந்தது.

"ஹாய்" என்று பொறியாளர் சின்னக் குழந்தைபோலச் சொன்னார்.

பம்ப்பில் வைத்தோம். காந்தத்தை மெதுவாக உருட்டினேன். படிகத்தின் முகத்தில் குழிவு நடந்தது. சிவப்புத் துளி ஒன்று குழாயின் மறுமுனையில் எட்டிப் பார்த்தது, நின்றது, உருண்டது. பின்னால் இன்னொன்று. கீழே யாரோ மூட்டையை இறக்கினார்கள், சுக்கு வாசனை மேலே வந்தது, ஒருவருக்கும் தும்மல் வரவில்லை. எவ்வளவு நேரம் உருட்டினேன் என்று தெரியாது. சேட்டன் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

கதை இங்கே முடிந்தால் நல்ல கதை. முடியவில்லை.

டாக்டர் கேட்டார், மலையாளத்தில். தமிழில் சொல்கிறேன். "அப்போது, முதலில் ஏன் வேலை செய்யவில்லை?"

"படகில் வரும்போது கையில் வைத்திருந்தேன், மேடம். கைச்சூட்டில் அதன் நிலை மாறிவிட்டது."

"கைச்சூட்டிலா?"

"ஆமாம்."

அவர் பம்ப்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இந்தப் பம்ப் எங்கே உட்காரப் போகிறது?"

அவ்வளவு நேரமும் ஐஸ், கவ்வி, கோடு என்று ஓடிக்கொண்டிருந்த என் தலை அங்கே முட்டி நின்றது. சட்டைக்குள். வயிற்றின் மேல்.

ஆனால் நான் வேகமானவள். வாய் திறப்பதற்குள் மூன்று பதில்கள் வரிசையில் வந்து நின்றன. வயிற்றுத் தோலின் சூடு மூடிய கையைவிடக் குறைவு. நடுவே சூடு கடத்தாத ஒரு தகடு வைக்கலாம். தாளில் உள்ள அளவு மேலேதான் இருக்கிறது. மூன்றும் பொய் இல்லை. மூன்றையும் சேர்த்துச் சொன்னால் அவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள், மேசை பிழைக்கும், அவள் பித்தளை துடைக்கப் போக வேண்டாம். "மேடம், உண்மையில் பார்த்தால்..." என்று ஆரம்பித்தேன்.

"நிக்காது மேடம்" என்றாள் அவள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"உடம்புல வெச்சா நிக்காது, சூட்டுல வேலை செய்யாது. சும்மா நாள்ல நின்னாலும், காய்ச்சல் வந்தா தீர்ச்சையா, கண்டிப்பா நிக்காது. காய்ச்சல் வர்ற அன்னைக்கில்லே மருந்து வேணும்?"

"நீங்கள்?"

"நான் பாலிஷ் போடுறவ."

சேட்டன் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் அவளை நோக்கி நாற்காலியைத் திருப்பினார். "தாளில் வேறு அளவு போட்டிருக்கிறதே?"

"அது முழுக் கம்பிக்கு உள்ள பேப்பர், மேடம். தலையில அளந்திருப்பாங்க. இது வாலு. பாருங்க, அடியில மூணு புள்ளி வெச்சிருக்கேன்." இடுக்கியால் எடுத்துத் திருப்பிக் காட்டினாள். "தலைப்பக்கம் வெட்டினது நிக்குமாயிருக்கும். அறிஞ்சுகூடா, எனக்குத் தெரியாது. அளக்கணும்."

"அளந்தீர்களா?" டாக்டர் என்னைக் கேட்டார்.

"இல்லை, மேடம்" என்றேன். அந்த இரண்டு சொல்லைச் சொல்ல எனக்கு அன்று வேறு ஒருத்தியின் துணை தேவைப்பட்டது.

"சரி, எது நிற்கும், எது நிற்காது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" இது அவளுக்கு.

அவள் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். மெருகுப் பசை ஏறிய, கோடுகள் கறுத்த கை. "மூடிப் பிடிச்சுட்டு ஒரு சாயா குடிக்கணும். அப்புறம் காந்தத்துல வெச்சு நோக்கணும். அசைஞ்சாத்தான் மிஷினுக்கே அனுப்பலாம். இல்லேன்னா எதுக்கு மிஷினைக் கஷ்டப்படுத்தணும்?"

டாக்டர் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். முடிவு எதையும் சொல்லாமல் இறங்கிப் போனார்கள். கார் சத்தம் தேய்ந்தது. சேட்டன் சிவப்புத் தண்ணீர்க் குழாயைக் கழுவ ஆரம்பித்தார். தேவையில்லாமல் நெடுநேரம் கழுவினார்.

நாங்கள் இருவரும் கிடங்கின் படிக்கட்டில் உட்கார்ந்தோம். மிச்சமிருந்த ஐஸை அவள் வாயில் போட்டுக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னை அப்படிப் பார்க்காதே. செத்த வீட்டுல பார்க்கிற மாதிரி."

"நான்தான் சொல்லியிருக்கணும். நான் சொல்லத்தான் வாயெடுத்தேன்."

"போடீ. நீ சொல்ல வரல, சமாளிக்க வந்தே. உன் மூக்கு விரிஞ்சா எனக்குத் தெரியும்."

"உனக்காகத்தான்."

"எனக்காக வேணாம்." ஐஸ் நொறுங்கும் சத்தம். "எங்கப்பா ஒரு தடவை கல்யாண வீட்டுப் பட்டுச் சேலையைச் சுட்டுட்டாரு. மடிப்புக்குள்ள சுட்ட இடத்தை வெச்சு மடிச்சுக் கொடுத்துட்டாரு. அவங்க மணவறையில போயிட்டு விரிச்சாங்க. அந்த வீட்டுப் பக்கம் நாங்க இன்னும் போறதில்ல." கொஞ்சம் நிறுத்தி, "இது சேலை இல்லேல்லோ" என்றாள்.

பதினொரு நாள் ஒன்றும் தெரியவில்லை. அவள் பழைய கடைக்காரரிடம் பேசிவைத்துவிட்டாள் என்று பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பதினொரு நாளும் தினமும் வந்தாள், மெருகுத் துணிகளைத் துவைத்து மடித்து வைத்தாள், யாருக்காகவோ. பன்னிரண்டாம் நாள் டாக்டர் சேட்டனுக்கு எழுதியிருந்தார். பம்ப் இப்போது வேண்டாம். அடுத்த கம்பி வரட்டும், ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும், அதுவரை மேசை இருக்கட்டும். அளப்பதற்கு முன்னால் அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துப் பார்க்கவும். இந்தக் கடைசி வரியைச் சேட்டன் இரண்டு முறை படித்துக் காட்டினார். அவள் கேட்டது ஒன்றுதான்: "அப்போ ஒரு துண்டுக்கு ஒரு சாயாவா? என் வயிறு எந்தாகும்?"

பம்ப் ஒன்றரை வருடம் தள்ளிப்போனது. அதற்கு முழுக் காரணம் நான் எடுக்காத ஒரு சீவல். இப்போது நான் போவதும் அதனால்தான். கம்பி வளர்க்கும் உலையின் முன்னாலேயே போய் உட்கார்ந்து, தலை எங்கே முடிகிறது, வால் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும் எனக்கு.

அந்த வால் துண்டு இடது இழுப்பறையில் ஒரு தீப்பெட்டிக்குள் இருக்கிறது. திங்கட்கிழமை அவள் அதை உங்கள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிடுவாள். சாயா வரும். குடியுங்கள். ஜன்னலைப் பாருங்கள். நீங்களும் கொஞ்சம் மிதப்பீர்கள், பரவாயில்லை. பிறகு கையைத் திறந்தால் கோடுகள் இருக்காது, கண்ணாடிபோல இருக்கும். அதைக் காந்தத்தில் வைப்பீர்கள். அசையாது. உங்களுக்கு உடனே மூன்று காரணங்கள் தோன்றும். நீங்கள் படித்தவர்கள், தோன்றத்தான் செய்யும். அவள் அந்தக் காரணங்களைக் கேட்கமாட்டாள். கீழே போய் ஐஸ் வாங்கி வருவது யார் என்று மட்டும் கேட்பாள்.

போங்கள். இந்த ஏப்ரல் வெயிலில் இக்காவின் வண்டி எதிர்ச் சுவர் நிழலில்தான் நிற்கும். டம்ளரை வாங்கிக்கொண்டு படியேறும்போது அவசரப்பட வேண்டாம். மேலே அது அப்படியே கிடக்கும், எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாமல்.